கடலை மண்டபத்துக்குள் அடைக்காதீர்கள்

கேள்வி: தனுஷ்கோடியில் கைப்பேசியில் பதிவு செய்த அலையோசையையும் கணினியில் உள்ள சின்தசைசரையும் வைத்து, 7 நிமிடம் 20 நொடி நீளத்தில் ஒரு வாத்திய இசை செய்திருக்கிறேன். நான் முறையாக இசை படித்தவன் அல்லன். இரவு நேரங்களில் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுச் செய்தது. அழிந்துபோன அந்த ஊர் கேட்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் ஆசை. நண்பர்கள் எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது, தூக்கம் வருகிறது’ என்கிறார்கள். இது பாராட்டா, குறையா? அங்கே நின்றபோது எனக்கு ஏற்பட்ட உணர்வு இசையில் ஏன் வரவில்லை?

பதில்:

தூக்கம் வருவதில் குறை ஒன்றும் இல்லை. பின்னணியில் மெல்ல ஓடும் இந்த வகை இசை (ஆம்பியன்ட்), கேட்பவரைக் கையைப் பிடித்து இழுப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. அறையில் ஓடிக்கொண்டிருக்கலாம், ஒருவர் அதைக் கேட்டபடி வேலை பார்க்கலாம், உறங்கலாம். ஆனால் உறங்காமல் கவனித்துக் கேட்கிறவருக்கும் அதில் ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் இசையைப் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது நிமிடம் தாண்டுவதற்குள் கவனம் கழன்றுவிடுகிறது. சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குள் சொல்லிவிட்டீர்கள் என்பதுதான் காரணம். மீதி ஐந்து நிமிடமும் அதே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில், எது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். திருத்தும்போது அதையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது. முதல் 24 நொடிகள் கடலை மட்டும் விட்டிருக்கிறீர்கள். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை வாய்ப்பது அரிது. அடுத்து, 4 நிமிடம் 52 நொடியில் பேட் ஒலி (பின்னணியில் நீண்டு நிற்கும் சின்தசைசர் ஒலி) சட்டென்று வடிந்து, மணி ஒலியின் கடைசி ஸ்வரம் மட்டும் அலையோடு நிற்கிறது. ஆறு நொடிதான். இந்த இசையிலேயே உயர்ந்த இடம் அது. வேண்டுமென்று செய்தீர்களா, தற்செயலா என்று தெரியவில்லை. எப்படி வந்திருந்தாலும் முழு இசையையும் அந்த ஆறு நொடியிலிருந்து திரும்பக் கட்டலாம். அங்கே மட்டும்தான் ஒரு ஒலி பக்கத்திலும் இன்னொன்று தொலைவிலும் இருக்கின்றன. மற்ற இடங்களில் எல்லாமே ஒரே மங்கலில் மிதக்கின்றன.

அந்த மங்கல் எங்கிருந்து வருகிறது? நீங்கள் அனுப்பிய தனித்தனி டிராக்குகளைப் பார்த்தேன். கடல், பேட், மணி, அடியில் ஓடும் தாழ்வொலி நான்குக்கும் ஒரே ஹால் ரிவெர்ப், அதாவது பெரிய மண்டபத்தில் ஒலி தங்கி மெல்லத் தேய்வது போன்ற விளைவு. அதுவும் ஒன்பது நொடி. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு மூன்றையும் ஒரே கொதியில் போட்டு இறக்கியது போல ஆகிவிட்டது. ரிவெர்ப் நேரம் என்பது ஒலி நின்ற பிறகு அதன் மிச்சம் 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் நேரம். பெரிய இசை அரங்குகளே இரண்டு நொடியை ஒட்டித்தான் கட்டப்படுகின்றன. ஒன்பது நொடி வேண்டுமென்றால் கல்லால் கட்டிய மிகப் பெரிய தேவாலயம் வேண்டும். அப்படியோர் இடத்துக்குள் உங்கள் அலைகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு, தனுஷ்கோடியின் நிலம் முடியும் அரிச்சல்முனையில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். உங்களைச் சுற்றி எத்தனை சுவர் இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. ஒலி திரும்பி வருவதற்கு ஒரு பரப்பு வேண்டும். மணலும் நீரும் வானமும் மட்டும் உள்ள இடத்தில் ஒலி போனது போனதுதான். அங்கே கத்தினால் குரல் சிறுத்துப்போவது அதனால்தான். அந்த இடத்தின் தனிமை நம் காதுக்குத் தெரிய வருவதும் அப்படித்தான்: நாம் எழுப்பும் எதற்கும் பதில் வருவதில்லை. இந்த உணர்வைத்தான் நீங்கள் தேடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா ஒலிக்கும் ஒன்பது நொடி பதில் சொல்லும் ஒரு மண்டபத்தைக் கட்டி, அதை நீங்களே மறைத்துவிட்டீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு என்னுடைய விடை இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஆகவே கடல் டிராக்கிலிருந்து ரிவெர்பை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். கொஞ்சமாகக் குறைப்பது போதாது. திறந்த வெளியில் தொலைவைக் காட்டுவதற்கு வேறு வழிகள் உள்ளன. தூரம் கூடக் கூட ஒலியின் அளவு குறையும். காற்று அதன் கூர்மையான பகுதியை முதலில் உறிஞ்சும். தொலைவில் இருக்க வேண்டிய ஒலியில் மேல் அதிர்வெண்களை மெல்லச் சீவி, அளவைக் குறைத்தாலே அது பின்னால் போய் நிற்கும். பக்கத்தில் இருக்க வேண்டியதைச் சீவாமல் விடுங்கள். மூன்று அடுக்கு தொலைவு கிடைத்துவிட்டால், ரிவெர்ப் செய்ய முயன்ற வேலையில் பாதி முடிந்துவிடும்.

பேட் ஒலிக்கு ரிவெர்ப் இருக்கட்டும். அது அந்த இடத்தில் இருக்கும் பொருள் அல்ல. உங்கள் மனத்தில் ஓடுவது. ஆனால் ரிவெர்பின் வெளியீட்டில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இப்போது தாழ்வொலியின் வால் அடுத்த சுருதிக்கூட்டின் (கார்டு) மேல் ஏறிப் படுத்திருக்கிறது. கலங்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

மணி ஒலிக்கு ஒரு யோசனை. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயம் நிற்கிறதே, 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு சுவர்கள் மட்டும் மிஞ்சியது, கூரை கிடையாது. அங்கே நின்று கை தட்டினால் சுவர்களிலிருந்து குறுகிய பதில் உடனே வரும். நீண்ட வால் இருக்காது, மேலே திறந்திருப்பதால் ஒலி அப்படியே வெளியேறிவிடும். மென்பொருளில் ‘கூரையில்லாத தேவாலயம்’ என்று ஒரு தயார் அமைப்பு எளிதில் கிடைக்காது. ஆனால் நீங்களே அதைச் செய்துகொள்ளலாம். ஒரு பலூனை ஊதிக் கொண்டுபோய், ஆள் நடமாட்டம் குறைந்த காலை வேளையில், சுவர்களுக்கு நடுவே உடைத்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். கன்வல்யூஷன் ரிவெர்ப் என்னும் வகை பிளக்இன் (இசை மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்), அப்படிப் பதிவு செய்த ஒரு வெடிப்பை வாங்கிக்கொண்டு எந்த ஒலியையும் அந்த இடத்தில் ஒலித்ததுபோல் மாற்றித் தரும், இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் மணி அந்தச் சுவர்களுக்குள் ஒலித்தால், ‘அழிந்த ஊர்’ என்று தலைப்பில் எழுதிக் காட்டத் தேவையே இருக்காது. உடைந்த பலூன் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வந்துவிடுங்கள்.

இனிக் கடல் பதிவு. கைப்பேசியில் பதிவு செய்தது தவறில்லை. கைப்பேசியின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைக்காமல் பதிவு செய்ததுதான் பிரச்சினை. பேச்சைத் தெளிவாகப் பதிவு செய்வதற்காக வைத்திருக்கும் வசதி அது. அலை உடையும்போது உரத்த ஒலி என்று நினைத்து அளவை இறக்குகிறது. அலை பின்வாங்கும்போது பேச்சு தாழ்ந்துவிட்டது என்று நினைத்து ஏற்றுகிறது. உங்கள் பதிவில் ஒவ்வொரு அலைக்குப் பிறகும் ஓர் இரைச்சல் எழும்பி வருவதைக் கவனியுங்கள். அலையின் ஏற்ற இறக்கம் முழுவதும் தட்டையாகிவிட்டது. கடலுக்கு உயிர் தருவதே அந்த ஏற்ற இறக்கம்தான்: அலை உடைவது, நுரை மணலில் படர்வது, திரும்பும் நீர் சிப்பித் துண்டுகளை உருட்டிக்கொண்டு போவது. மூன்றாவது ஒலி உங்கள் பதிவில் கேட்கவே இல்லை. அது மிக மெல்லிய ஒலி. தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில், மைக்கை மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தால்தான் சிக்கும்.

இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடியில் இருப்பது ஒரு கடல் அல்ல. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அந்தப் பக்கத்து மக்கள் அமைதியானதைப் பெண்கடல் என்றும் ஆர்ப்பரிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஒன்று கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் மற்றது. நடுவில் இருப்பதோ ஒரு மணல் திட்டு. ஓர் இசையமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய கொடை என்ன இருக்க முடியும்? ஒரே நேரத்தில் இரண்டு வேறு தாளங்கள், இரண்டு வேறு நிறங்கள், ஒன்றுக்கொன்று கட்டுப்படாமல் ஓடுகின்றன. நீங்கள் சாலையோரம் நின்று இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாக எடுத்திருக்கிறீர்கள். மறுபடி போகும்போது இரண்டையும் தனித்தனியே, ஒவ்வொன்றும் குறைந்தது கால் மணி நேரம், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். சுற்றுலா வண்டிகள் வரத் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை போடுங்கள்; பஞ்சு உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது. இப்போதைய பதிவில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது கடலே அல்ல, மைக்கில் மோதும் காற்று. அதை வெட்டினால் இழப்பு ஒன்றும் இல்லை.

இரண்டு கடலையும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஏழு நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நடந்துபோவதாக அமைத்துப் பாருங்கள். வேறு எதுவும் இல்லாமல் அதுவே ஒரு வடிவம்.

வடிவம் என்றதும் உங்கள் சுருதிக்கூட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. டி மைனர், பி ஃபிளாட், எஃப், சி. ஒவ்வொன்றும் எட்டு நொடி. ஆக 32 நொடிச் சுற்று. அது 13 முறை மாற்றமில்லாமல் வருகிறது. இந்த நான்கு கூட்டும் இதே வரிசையில் எண்ணற்ற பாடல்களில் வந்துவிட்டதால், இரண்டாவது சுற்றிலேயே கேட்பவரின் காது அடுத்து வருவதைச் சொல்லிவிடும். பாட்டில் அது குறையல்ல. மேலே வரிகள் மாறிக்கொண்டிருக்கும். உங்கள் இசையில் மேலே எதுவும் மாறவில்லை. தவிர, சோகமான இடம் என்றதும் மைனர் கூட்டை எடுத்து வைப்பது எல்லோரும் முதலில் செய்வது. கேட்பவர் என்ன உணர வேண்டும் என்பதை அது முதல் நிமிடத்திலேயே தீர்த்துக் கொடுத்துவிடுகிறது. தனுஷ்கோடி அப்படி ஓர் உணர்வைக் கையில் கொடுப்பதில்லை. வெயில் அடிக்கிறது, கடல் நீலமாக இருக்கிறது, பக்கத்தில் இடிந்த ரயில் நிலையம் நிற்கிறது. அந்த முரணை மைனர் கூட்டால் சொல்ல முடியாது.

சுற்றுகளை ஒன்றோடொன்று பொருந்தாத நீளத்தில் ஓடவிடும் முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1978 இல் விமான நிலையங்களுக்கென்று வெளியிட்ட தொகுப்பில் ஒரு பகுதி முழுவதும் இப்படிச் செய்யப்பட்டது. குரலில் பாடிய ஒற்றை ஸ்வரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி டேப் வளையத்தில். ஈனோ பிறகு சொன்ன கணக்கில், ஒரு வளையம் 23½ நொடிக்கு ஒருமுறை சுற்றுகிறது, இன்னொன்று 25⅞ நொடிக்கு, மற்றொன்று 29 நொடியும் பதினாறில் பதினைந்து பங்கும். இந்த மூன்றும் தொடங்கிய நிலையில் மறுபடி சந்திக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 27 நாட்கள் வருகின்றன. அதுவரை ஸ்வரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு இடைவெளியில், வேறு வரிசையில் வந்து விழும். ஸ்வரங்கள் சில; அவை கூடும் விதங்களோ தீர்வதில்லை.

நீங்களும் இதைச் செய்யலாம். நான்கு கூட்டையும் கைவிட்டு, அவற்றின் ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 19 நொடி, ஒன்றை 23 நொடி, ஒன்றை 29 நொடி வளையமாக்குங்கள். மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறைகூட அப்படியே திரும்பாது. அலைகளும் இப்படித்தானே வருகின்றன, ஒழுங்கு இருப்பதாகத் தோன்றும், எண்ணத் தொடங்கினால் தவறும். கடலும் ஸ்வரங்களும் ஒரே இயல்பில் நடந்தால் இரண்டையும் பசை போட்டு ஒட்டத் தேவையில்லை. இயந்திரத்திடம் விட்டுவிட்டு எழுந்து போகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். அதில் மிக நன்றாகக் கூடிவந்த ஏழு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வுதான் இங்கே இசையமைப்பு.

பேட் ஒலியின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. ரம்பப் பல் அலையை எடுத்து ஃபில்டரில் மேலே வெட்டி அப்படியே விட்டிருக்கிறீர்கள். நீண்டு நிற்கும் ஒலி எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு நம்மிடம் தம்புராவை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நான்கு தந்திதான், மீட்டுவதும் ஒரே வரிசைதான். ஆனால் குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் நூல், ஒவ்வொரு மீட்டுக்குப் பிறகும் மேல் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பித் தணிக்கிறது. சுருதி நிற்கிறது, நிறம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல தம்புரா ஒன்றைக் கால் மணி நேரம் வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். பிறகு உங்கள் பேடுக்குத் திரும்புங்கள். ஃபில்டரை 17 நொடியில் ஒருமுறை ஏறி இறங்கும் எல்எஃப்ஓவுக்கும் (மெதுவான கட்டுப்பாட்டு அலை), இரண்டு அலைகளின் சமநிலையை 41 நொடிக்கு ஒருமுறை மாறும் இன்னொன்றுக்கும் கொடுங்கள். அசைவு தெரியக் கூடாது. அதை நிறுத்தினால் மட்டும் குறை தெரிய வேண்டும், அந்த அளவு போதும்.

மணி ஒலியின் மெட்டு ஐந்து ஸ்வரத்தில் ஓடுகிறது. நம் காதுக்கு அது சுத்த தன்யாசி. மறைக்கவும் வேண்டாம், அதற்காகக் கமகங்களைச் சேர்த்து அலங்கரிக்கவும் வேண்டாம். வெறுமையாக ஒலிப்பது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் எல்லா ஸ்வரத்துக்கும் மிடி அழுத்தம் (எவ்வளவு பலமாகத் தட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் எண்) 100 என்று வைத்திருக்கிறீர்கள். 1 முதல் 127 வரை இடம் இருக்கிறது. மவுஸால் வரைந்தது கேட்கிறது. ஒரு சிறிய கீபோர்டை இரவல் வாங்கி, கடல் பதிவை மட்டும் கேட்டுக்கொண்டு, மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் அடக்காமல் வாசியுங்கள். பிறகு வாசித்ததில் பாதியை நீக்கிவிடுங்கள். மெட்டு இப்போது ஒருமுறை தொடங்கினால் கிட்டத்தட்ட கடைசிவரை ஓய்வதில்லை. மூன்று முறை மட்டும் வந்தால் ஒவ்வொரு வருகையும் ஒரு நிகழ்ச்சியாக இருக்கும்.

முடிவு பற்றி ஒரு வார்த்தை. எல்லா டிராக்கையும் சேர்த்துப் பத்து நொடியில் தேய்த்து இறக்கியிருப்பது, செய்தவர் களைத்துவிட்டார் என்று காட்டுகிறது. எது முதலில் போகும், எது கடைசியில் நிற்கும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

ஒலிக்கலவையில் இரண்டு பிழைகள், இரண்டும் ஹெட்போனில் மட்டும் கேட்டதால் வந்தவை. அடியில் ஓடும் டி ஸ்வரம் 37 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. ஹெட்போனில் கம்பீரமாகக் கேட்கும். கைப்பேசி ஸ்பீக்கரில் அது இல்லவே இல்லை. அதே ஸ்வரத்தை இரண்டு, மூன்று எண்மம் (ஸ்தாயி) மேலேயும் மெல்லியதாகச் சேர்த்துவிட்டால் எல்லா இடத்திலும் அடித்தளம் இருக்கும். இரண்டாவது, பேட் டிராக்கில் போட்டிருக்கும் ஸ்டீரியோ விரிப்பான். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பொத்தானை அழுத்திப் பாருங்கள், பேட் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சிறிய புளூடூத் ஸ்பீக்கர்களில் பல மோனோதான். நண்பர்கள் கேட்டது எந்த இசையை என்றே சொல்ல முடியாது. விரிப்பானை எடுத்துவிடுங்கள். இரண்டு கடலும் இரண்டு பக்கமும் வந்துவிட்டால் அகலம் தானாக வரும்.

கடைசி டிராக்கில் உள்ள லிமிட்டரையும் (உச்ச ஒலியை அமுக்கி மொத்த அளவை ஏற்ற உதவும் கருவி) கழற்றுங்கள். சராசரி ஒலிவலு மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் (ஒலிவலுவின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரப்பு கூடும்) வரை ஏற்றியிருக்கிறீர்கள். குத்துப்பாட்டுக்கான அளவு அது. பெரிய இசைத் தளங்கள் எப்படியும் மைனஸ் 14 பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். உரப்பு போய்விடும், நசுக்கல் மட்டும் மிஞ்சும். கைப்பேசி ஏற்கெனவே தட்டையாக்கிய அலையை இது மறுபடி தட்டையாக்குகிறது.

இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்ய முயலாதீர்கள். முதலில் தனுஷ்கோடிக்குப் போய் வாருங்கள்: இரண்டு கடல், ஒரு பலூன். திரும்பி வந்ததும் சின்தசைசரைத் திறக்காமல் கடல் பதிவுகளை மட்டும் வைத்து ஏழு நிமிடம் கட்டுங்கள், எங்கே அருகில், எங்கே தொலைவில், எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்று. அது நின்றுவிட்டால் வளையங்களைச் சேர்க்கலாம். மணி கடைசியில் வரட்டும். கடல் மட்டும் உள்ள வடிவம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், மேற்கொண்டு அதிலிருந்து பேசுவோம்.